முன்பே எழுதப்படாத விடைகள்

(ஆலயத் திருவிழாவின் ஆறாம் நாள் மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆலய மண்டபத்தில் அறிவியல் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் எனச் செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டபோது, எதைப் பேசுவது என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை. சில ஆண்டுகளாக ஈப்போவிலும் அதன் சுற்று வட்டாரங்களிலும் நிகழும் சமய உரைகளில் ‘குவாண்டம்’ என்னும் சொல் அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறேன். நாம் பார்ப்பதால்தான் உலகம் உண்டாகிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பர் சிலர். காரண காரியத் தொடர்பே பொய்த்துப் போயிற்று என்பர் வேறு சிலர். இவற்றைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் மாணவர்கள் என்னிடம், “ஐயா, இது உண்மைதானா?” என்று வினவுகின்றனர். படிவம் ஆறில் பௌதிகம் பயிலும் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் விடை பிழையாக இருந்தால், அப்பிள்ளை நாளை பாடநூலையும் நம்பாது, நம் மேடையையும் நம்பாது. ஆகவே அந்தக் கண்டுபிடிப்பு உண்மையில் என்ன சொல்கிறது என்பதை இயன்ற வரையில் எளிமையாகச் சொல்ல முற்படுகிறேன். கணிதம் வேண்டாம். ஒற்றைப்படை, இரட்டைப்படை தெரிந்தால் போதும்.

இங்கே கூடியிருப்போரில் பெரும்பாலோர் தோட்டத்து மண்ணில் பிறந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். சுங்கை சிப்புட் முதல் தாப்பா வரையில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கின்றன. ஆயினும் பால் கொட்டகையின் முன்னே வாளிகளோடு வரிசையில் நின்ற அந்த நண்பகலை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிராணி பாலை நிறுப்பார். பிறகு மெட்ரோலாக் என்னும் கருவியை அதில் மிதக்கவிட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். கூலி அதைப் பொறுத்தது. எழுதிய எண் குறைவு என்று தோன்றினால் நம் பெற்றோர் வாதாடினார்கள். சில சமயம் பயன் கிடைத்தது, பல சமயம் கிடைக்கவில்லை.

அந்த வாதத்தின் அடியில் இருந்த நம்பிக்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கிராணி நிறுப்பதற்கு முன்பே வாளியில் ஓர் எடை இருக்கிறது. அவர் அதைக் கண்டெடுக்கிறார், உண்டாக்கவில்லை. இது முதல் நம்பிக்கை. இரண்டாவது நம்பிக்கையை நாம் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. எடையை மட்டும் பார்த்தாலும் சரி, மெட்ரோலாக்கோடு சேர்த்துப் பார்த்தாலும் சரி, வேறொரு கருவியோடு சேர்த்துப் பார்த்தாலும் சரி, எடை அதே எடைதான். எந்த அளவையோடு துணை சேர்த்து அளந்தோம் என்பதால் அது மாறாது. இவ்விரண்டும் இல்லையென்றால் ‘குறைத்து எழுதிவிட்டார்’ என்ற முறையீட்டுக்கே பொருள் இராது.

பாலுக்கும் வாளிக்கும் இந்நம்பிக்கைகள் இன்றும் முற்றிலும் சரியே. அணுவின் உலகத்தில் இவ்விரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள இயலாது என்பதுதான் கடந்த அறுபது ஆண்டுகளில் நிறுவப்பட்ட செய்தி. விடை, உடன் கேட்கப்படும் கேள்விகளின் சூழலைச் சார்ந்தது என்பதால், ஆய்வாளர்கள் இதனைச் ‘சூழல் சார்பு’ என்று வழங்குகின்றனர்.

இதை நிறுவும் பாதை ஒரு சமயக் கேள்வியில் தொடங்கியது என்பது இந்த மண்டபத்தில் இருப்போருக்கு வியப்பாக இருக்கலாம். சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் எர்ன்ஸ்ட் ஸ்பெக்கர் 1960-ஆம் ஆண்டு ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அதில் ஐரோப்பாவின் பழைய இறையியலாளர்கள் விவாதித்த வினா ஒன்றை நினைவூட்டினார். இறைவன் முற்றறிவுடையவன், நடந்ததையும் நடப்பதையும் நடக்கப் போவதையும் அறிவான். ஆனால் நடவாத ஒன்று நடந்திருந்தால் அதன்பின் என்ன விளைந்திருக்கும் என்பதையும் அறிவானா?

இந்த வினா நமக்குப் புதிதன்று. நாடு விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டையொட்டிக் குடியுரிமைக்கு மனுச் செய்யாமல் விட்டுவிட்ட தோட்டக் குடும்பங்கள் பல. 1969-க்குப் பின், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி இறுக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் பினாங்கில் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். ‘அன்று மனுப் போட்டிருந்தால்’ என்னும் பேச்சு இல்லாத வீடு அக்காலத்துத் தோட்டங்களில் அரிது. போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்குத் திட்டமான ஒரு விடை எங்கோ இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று நாம் எண்ணுகிறோம். மனித வாழ்வைப் பொறுத்து அது சரியா, தவறா என்று பௌதிகம் எதுவும் சொல்லவில்லை. அணுவிடம் கேளாமல் விட்ட கேள்விக்கு அப்படி ஒரு விடை காத்திருக்கிறதா என்பதே ஸ்பெக்கர் எழுப்பிய வினா.

அவர் அதற்கு ஒரு கதையும் கட்டினார். அசீரிய நாட்டில் ஒரு குறி சொல்லும் ஆசான். தம் மகளை மணக்க வருவோருக்கு ஒரு சோதனை வைத்தார். மூன்று பெட்டிகள், எவற்றில் மணி இருக்கிறது, எவை வெறுமை என்று சொல்ல வேண்டும். மூன்றைப் பற்றிச் சொன்னால் ஏதேனும் இரண்டைப் பற்றி ஒரே விடையைத்தான் சொல்லியாக வேண்டும் அல்லவா? அந்த இரண்டையும் திற என்பார் ஆசான். திறந்தால் ஒவ்வொரு முறையும் ஒன்றில் மணி இருக்கும், மற்றது வெறுமையாக இருக்கும். வந்தவர் எல்லாரும் தோற்றனர். மகளுக்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று. இறுதியில், தான் விரும்பிய ஒருவன் குறி சொன்னதும், அவன் ‘மணி உண்டு’ என்ற ஒன்றையும் ‘இல்லை’ என்ற ஒன்றையும் அவளே விரைந்து திறந்துவிட்டாள். இரண்டும் சரியாக இருந்தன. தந்தை முணுமுணுத்தார், மூன்றாவதைத் திறக்கப் பார்த்தால் அது திறக்கவில்லை. திருமணம் நடந்தது.

பெட்டிகளில் முன்பே மணி வைக்கப்பட்டிருந்தால் இந்தக் கதை நடவாது. எந்த இரண்டைத் திறந்தாலும் வேறுபட வேண்டுமானால் மூன்று பெட்டிகளுக்கு முன்கூட்டியே உள்ளடக்கம் எழுதவே முடியாது. இயற்கை மூன்று பெட்டிகளோடு இவ்வளவு தூரம் விளையாடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது கதை மட்டுமே. ஆனால் பெட்டிகளின் எண்ணிக்கை கூடினால் இயற்கையும் இதே வகை விளையாட்டை ஆடுகிறது. 1967-இல் ஸ்பெக்கரும் சைமன் கோச்சனும் 117 திசைகளைக் கொண்டு இதைக் கணித முறையில் நிறுவினர். ஜான் பெல் என்னும் அயர்லாந்துக்காரரும் அதே காலத்தில் வேறு வழியில் இதே முடிவை எட்டியிருந்தார். 117 திசைகளை இங்கே விளக்கினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். நல்வாய்ப்பாக 1990-ஆம் ஆண்டு டேவிட் மெர்மினும் ஆஷர் பெரசும் ஒன்பது கட்டங்களிலேயே அதை அடக்கிக் காட்டினர்.

நம் ஆலயத்து நவக்கிரகச் சந்நிதியை மனத்தில் கொண்டு வாருங்கள். வரிசைக்கு மூவராக மூன்று வரிசை, ஆக ஒன்பது இருக்கைகள். இருக்கைகளின் அமைப்புக்காக மட்டுமே இதைச் சொல்கிறேன். கிரகங்களுக்கும் இக்கணக்கிற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நாளைக்கு யாரும் வந்து சனீஸ்வரனுக்கு என்ன விடை என்று என்னைக் கேட்க வேண்டாம்.

ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு கேள்வி இருப்பதாகக் கொள்வோம். விடை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. கேள்விகள் ஓர் அணுச் சோடியிடம் கேட்கப்படுகின்றன. ஒரே கிடை வரிசையில் உள்ள மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம்; ஒன்று மற்றொன்றின் விடையைக் குலைப்பதில்லை. ஒரே நெடு வரிசையில் உள்ள மூன்றையும் அவ்வாறே சேர்த்துக் கேட்கலாம். ஒன்பதையும் ஒரே முறையில் கேட்க மட்டும் வழியில்லை. ஒரு தடவைக்கு ஒரு வரிசைதான்.

குவாண்டம் கோட்பாடு முன்னுரைப்பது இது. எந்தக் கிடை வரிசையைக் கேட்டாலும், வரும் ‘இல்லை’களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும், அதாவது ஒன்றும் இராது, அல்லது இரண்டு இருக்கும். முதல் இரண்டு நெடு வரிசைகளிலும் அவ்வாறே. மூன்றாம் நெடு வரிசையில் மட்டும் ‘இல்லை’கள் ஒற்றைப்படையாக இருக்கும்.

இப்போது ஒன்பது இருக்கைகளிலும் விடைகளை முன்பே எழுதி வைக்க முயலுங்கள். கிடை வரிசைப்படி எண்ணினால் மூன்று இரட்டைப்படைகளின் கூட்டல். மொத்த ‘இல்லை’கள் இரட்டைப்படை. நெடு வரிசைப்படி எண்ணினால் இரண்டு இரட்டைப்படைகளும் ஓர் ஒற்றைப்படையும், மொத்தம் ஒற்றைப்படை. எண்ணுவது அதே ஒன்பது இருக்கைகளை! ஒரே கூட்டத்தை இப்படி எண்ணினால் இரட்டை, அப்படி எண்ணினால் ஒற்றை என்று வருமா? வராது. ஆகவே அப்படி ஒரு பட்டியலை யாராலும் எழுத முடியாது. எவ்வளவு முயன்றாலும் ஆறு விதிகளில் ஐந்துதான் நிறைவேறும், ஒன்று தவறியே தீரும்.

இது தாளில் போட்ட கணக்கு. உலகம் இதற்கு உடன்படுகிறதா? 2009-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ரைனர் பிளாட் அவர்களின் ஆய்வுக் குழுவினர் இரண்டு கால்சியம் அயனிகளை மின்புலத்தில் பிடித்து வைத்து, இந்த ஒன்பது கேள்விகளையும் வரிசை வரிசையாகக் கேட்டனர். நிறைவேறும் விதிக்கு ஒன்று கூட்டி, தவறும் விதிக்கு ஒன்று கழித்தால், முன்பே எழுதிய பட்டியலுக்குக் கிடைக்கக் கூடிய பெரும மதிப்பு ஐந்தில் ஒன்று போக நான்கு. குவாண்டம் கோட்பாடு சொல்லும் மதிப்பு ஆறு. அவர்கள் கண்டது 5.46. கருவிகளின் குறைபாட்டால் ஆறு வரவில்லை. ஆனால் நான்கை வெகுவாகத் தாண்டிவிட்டது. அயனிகளை எந்த நிலையில் ஆயத்தம் செய்தாலும் நான்கு தாண்டப்பட்டது.

இங்கே ஒரு தவறான விளக்கத்தை விலக்க வேண்டும், ஏனெனில் மேடைகளில் நான் மிகுதியாகக் கேட்பது இதைத்தான். ‘அளந்தால் அணு கலங்கிவிடுகிறது, அதனால்தான் விடை மாறுகிறது’ என்பர். தோட்டத்தில் கங்காணி பக்கத்தில் நின்றால் ஒருவர் ஒரு விடை சொல்வார்; தனியே கேட்டால் வேறு விடை சொல்வார். அது கலக்கம், அச்சம். உண்மையான விடை அவர் நெஞ்சில் இருந்தது, வெளியே வரவில்லை, அவ்வளவே. ஒன்பது இருக்கைக் கணக்கில் நடப்பது அதுவன்று. சேர்த்துக் கேட்கப்படும் மூன்று கேள்விகளும் ஒன்றையொன்று கலக்காதவை. ஒன்றை இருமுறை கேட்டாலும், இடையில் துணைக் கேள்விகளைக் கேட்டாலும் அதே விடை வரும். அப்படியிருந்தும், கிடை வரிசையின் துணையோடு கேட்டால் வரும் விடையும், நெடு வரிசையின் துணையோடு கேட்டிருந்தால் வந்திருக்கும் விடையும் ஒன்றே என்று எல்லா இருக்கைகளுக்கும் வைத்துக்கொள்ள முடியவில்லை. நெஞ்சில் ஒளித்து வைத்த விடை என்று ஒன்றைக் கற்பித்தாலே கணக்கு உடைகிறது.

ஸ்பெக்கரின் சமய வினாவிற்கு இது என்ன விடை தருகிறது என்று சென்ற மாதம் ஒரு மாணவி என்னைக் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இறைவன் அறியான் என்று இந்தக் கணிதம் சொல்லவில்லை. அறியப்படுவதற்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. அதற்கு மேல் போவது கணிதத்தின் வேலையன்று.

அடுத்து, காரண காரியம். இதே ஒன்பது இருக்கைகளை இரண்டு ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று காட்டியவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக் கழகப் பேராசிரியர் பி. கே. அரவிந்த். இந்தியாவிலிருந்து சென்றவர். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் அமைத்துக் காட்டிய விளையாட்டை நம் ஊருக்கு ஏற்பச் சொல்கிறேன்.

ஈப்போவில் ஒருவர், சென்னையில் ஒருவர். இடையே ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். திருவுளச் சீட்டில் ஈப்போக்காரருக்கு ஒரு கிடை வரிசையும் சென்னைக்காரருக்கு ஒரு நெடு வரிசையும் வரும். அவரவர் வரிசையின் மூன்று இருக்கைகளை அவரவர் நிரப்ப வேண்டும், மேலே சொன்ன இரட்டை ஒற்றை விதிகளின்படி. இருவருக்கும் பொதுவாக ஓர் இருக்கை அகப்படும். அதில் இருவர் எழுதியதும் ஒத்திருந்தால் வெற்றி. சீட்டு வந்தபின் இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது.

புறப்படும் முன் கூடிப் பேசி, பட்டியல் எழுதிக்கொண்டு போகலாம். ஆனால் குறையற்ற பட்டியல் இல்லை என்று பார்த்தோம். ஆகவே ஒன்பது வகைச் சீட்டுகளில் எட்டில்தான் வெல்லலாம். பட்டியலுக்குப் பதிலாகப் பின்னிப் பிணைந்த அணுச் சோடிகளைப் பகிர்ந்து எடுத்துச் சென்றாலோ, கோட்பாட்டின்படி ஒன்பதிலும் வெல்லலாம். 2022-ஆம் ஆண்டு சீனாவின் நாஞ்சிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒளித்துகள்களைக் கொண்டு இவ்விளையாட்டை ஆடி, ஒன்பதில் எட்டு என்ற எல்லையைத் தாண்டிக் காட்டினர். ஆய்வுக்கூடத்து மேசையில்தான், ஈப்போவும் சென்னையும் என் கற்பனை. ஆனால் பெல் அவர்கள் 1964-இல் கண்ட, இதற்கு உறவான வேறொரு சோதனை, 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், இரு முனைகளும் ஒளியின் வேகத்தில்கூட ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப நேரமில்லாதபடி செய்யப்பட்டது. இத்துறைச் சோதனைகளுக்காகவே 2022-இல் அலைன் ஆஸ்பே, ஜான் கிளவுசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு ஊர்களில் நிகழ்வன ஒத்துப்போனால் நாம் வழக்கமாக இரண்டில் ஒரு காரணம் சொல்வோம். இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டனர். அல்லது ஒருவர் மற்றவருக்குச் சொல்லி அனுப்பினார். முதலாவது எட்டுக்கு மேல் கொண்டு போகாது. இரண்டாவதற்கு நேரமே இல்லை. ஒளிக்கே 2,500 கிலோமீட்டரைக் கடக்க நொடியின் நூற்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவான காலம் வேண்டும். அதற்குள் இருவரும் எழுதி முடித்துவிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் காரண காரியம் பொய்த்ததா? இல்லை. சென்னையில் இருப்பவர் தம் தாளை மட்டும் எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும், ஈப்போவில் எந்தச் சீட்டு வந்தது என்பதை அறிய இயலாது. அவருடைய விடைகள் சுண்டிவிட்ட காசைப் போலவே தோன்றும். ஈப்போவில் வரிசையை மாற்றினாலும், விளையாட்டையே நிறுத்தினாலும், அவருடைய தாளில் விடைகள் வரும் விகிதத்தில் ஒரு மயிரிழை மாற்றமும் இராது. இரண்டு தாள்களையும் ஒரே மேசைமேல் வைத்த பிறகே ஒற்றுமை புலப்படும். அந்தத் தாள் விமானத்திலோ தொலைபேசியிலோ சாதாரண வேகத்தில்தான் வந்தாக வேண்டும். இதைக் கொண்டு தந்தி அடிக்க இயலாது, தொலைவிலுள்ள நோயாளியைக் குணப்படுத்த இயலாது, ஒருவர் மனத்தை மற்றொருவர் படிக்க இயலாது.

குடத்திற்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று நம் சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பிரித்து ஆராய்ந்தது. காரணம் என்பது ஒற்றைச் சொல்லில் அடங்காது என்ற அந்த எச்சரிக்கை எனக்குப் பிடிக்கும். ஆயினும் பிணைந்த அணுக்களின் ஒற்றுமைக்கு இம்மூன்றில் எது என்று பொருத்திப் பார்க்க நான் துணியேன். பொருத்திவிட்டால் கைதட்டல் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. உலகின் தலைசிறந்த ஆய்வாளர்களே இதில் உடன்பாடு காணவில்லை. டேவிட் போம் 1952-இல் காட்டிய வழியில் துகளுக்கு எப்போதும் இடம் உண்டு. ஆனால் மற்றப் பண்புகளின் விடைகள் அளவையின் சூழலைப் பொறுத்தே அமையும், தொலைவிலுள்ளதும் உடனே பாதிக்கும். ஹியூ எவரெட் 1957-இல் சொன்ன வழியில் எல்லா விடைகளும் நிகழ்கின்றன, உலகம் கிளைக்கிறது. விடை என்பது கேள்வியோடு சேர்ந்தே பிறப்பது, அதற்கு மேல் கேட்காதே என்பாரும் உளர். எனக்கு இம்மூன்றாம் கூட்டத்தாரிடம் சற்றுச் சாய்வு உண்டு. ஆனால் ‘கேட்காதே’ என்ற சொல் மட்டும் உறுத்துகிறது.

இந்தச் சூழல் சார்புக்குத் தொலைவு தேவையில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். கல்கத்தாவைச் சேர்ந்த திபங்கர் ஹோம் முதலியோர் 2001-இல் ஒரு கணக்கு வெளியிட்டனர். ஒரே ஒரு நியூட்ரானின் பாதை, அதன் சுழற்சி ஆகிய இரண்டிடமே இக்கேள்வியைக் கேட்கலாம் என்றனர். ஈரிடத்து இரு துகள்கள் வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2003-இல், ஹாசெகாவா, ரௌக் முதலியோர் பிரான்சின் கிரனோபிள் நகர் அணு உலையிலிருந்து வந்த நியூட்ரான்களைக் கொண்டு அதைச் சோதித்துக் காட்டினர்.

தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒருவரை விட்டுவிட்டு இவ்விரண்டு பொருள்களையும் பேச முடியாது. ஜார்ஜ் சுதர்சன் 1931-இல் கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் பிறந்த மலையாளி. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். பின்னாளில் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்துகொண்டே, 1980-களில் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றியவர். 2018-இல் மறைந்தார்.

1962-இல் அவரும் பிலானியுக், தேஷ்பாண்டே ஆகிய இருவரும், ஒளியை விஞ்சிய வேகத்தில் செல்லும் துகள்கள் சார்பியல் கோட்பாட்டுக்கு முரணானவையா என்று ஆராய்ந்தனர். அத்தகைய துகள் இருந்தால், ஒருவர் கண்ணுக்கு அது இங்கிருந்து புறப்பட்டு அங்கே சேரும். வேகமாக ஓடும் வேறொருவர் கண்ணுக்கு அங்கிருந்து புறப்பட்டு இங்கே சேரும். எது அனுப்பியது, எது வாங்கியது என்பதே பார்ப்பவரைப் பொறுத்ததாகிவிடும். அதற்காக இயற்கை விதி முரண்படவில்லை, பெயரிடுவதைத்தான் மாற்ற வேண்டும் என்றனர் அவர்கள். காரணத்தின் திசையே சூழல் சார்ந்ததாக இருக்கலாமோ என்ற துணிவான வினா அது. அத்துகளுக்கு ‘டாக்கியான்’ என்று 1967-இல் பெயரிட்டவர் ஜெரால்டு ஃபைன்பெர்க். இன்று வரை ஒரு டாக்கியானும் அகப்படவில்லை. 2011-இல் இத்தாலியில் நியூட்ரினோக்கள் ஒளியை விஞ்சின என்று செய்தி வந்ததே, அது சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழையின் விளைவு என்று மறு ஆண்டே தெரிந்தது.

சுதர்சன் 1977-இல் வைத்யநாத் மிஸ்ராவுடன் எழுதிய இன்னொரு கட்டுரைதான் ‘பார்ப்பதால் உலகம் உண்டாகிறது’ என்பாரின் பேச்சுக்கு உண்மையில் நெருங்கி வருவது. ஒரு நிலையிலிருந்து வேறு நிலைக்கு மாறவிருக்கும் அணுவை, ‘இன்னும் மாறவில்லையா?’ என்று இடைவிடாது கேட்டுக்கொண்டே இருந்தால், அது மாறாமலேயே நின்றுவிடும் என்று அவர்கள் கணித்தனர். 1990-இல் அமெரிக்காவின் போல்டர் நகர ஆய்வுக்கூடத்தில் ஏறத்தாழ 5,000 பெரிலியம் அயனிகளிடம் இது சோதிக்கப்பட்டது. நொடியின் கால் பங்கு நேரத்தில் முழுமையாக மாறிவிட வேண்டிய அயனிகள், அந்நேரத்துக்குள் 64 முறை கேட்கப்பட்டபோது பெரும்பாலும் மாறாமல் நின்றன. ஆனால் அங்கே கேட்டது யார்? எந்த மனிதரின் கண்ணும் அயனிகளை நோக்கிக்கொண்டிருக்கவில்லை. கேட்டது லேசர் ஒளித்துடிப்பு. விஞ்ஞானி தேநீர் அருந்தப் போயிருந்தாலும் அயனிகள் அப்படியேதான் நின்றிருக்கும். கேள்வி என்றால் கருவி, பார்வை என்றால் ஒளி பட்டுத் தெறித்தல். மனத்தின் ஆற்றல் என்று இதைப் பெயர்த்துச் சொல்வது தவறு.

சுதர்சனுக்கு வேதாந்தத்தில் ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. அது பற்றிப் பேசியும் இருக்கிறார். அவருடைய 1962, 1977 கட்டுரைகளிலோ அதைச் சான்றாக வைக்கவில்லை. அங்கே கணிதமும் பௌதிகமும் மட்டுமே பேசுகின்றன. நம் மேடைப் பேச்சாளர்கள் அவரிடம் கற்க வேண்டியது அந்த ஒழுங்கு என்பது என் கருத்து. நம் சாத்திரங்கள் 2009-ஆம் ஆண்டின் இன்ஸ்புருக் சோதனையை நம்பி நிற்பவை அல்லவே!

இதில் பணமும் உடல் நலமும் அடங்கியிருப்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். ‘குவாண்டம்’ என்று பொறித்த பதக்கமும் கைவளையும் முன்னாள் தோட்டத்து மக்கள் வாழும் வீடமைப்புப் பகுதிகளில் வீடு வீடாக விற்கப்படுவதைப் பார்க்கிறேன். நீரிழிவுக்கும் மூட்டு வலிக்கும் நல்லது என்பார்கள். விலையோ ஒரு மூதாட்டியின் மாத மருந்துச் செலவைக் காட்டிலும் அதிகம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுக் கதிரியக்கப் பாதுகாப்பு அமைப்பு, இவ்வகைப் பதக்கமும் வளையும் உள்ளிட்ட பத்துப் பொருள்களைச் சோதித்து, அவை கதிரியக்கம் உடையவை, நீண்ட காலம் அணிந்தால் தீங்கு விளைவிக்கலாம் என்று எச்சரித்தது. அணுவின் விடை சூழலைச் சார்ந்தது என்பதற்கும் கழுத்தில் தொங்கும் கல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. யாரேனும் உங்கள் வீட்டு வாசலில் நின்று அப்படிச் சொன்னால், ஒன்பது இருக்கைகளை நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே அத்தகைய பதக்கம் இருந்தால், குழந்தைகளின் கழுத்திலிருந்து இன்றிரவே கழற்றிவிடுங்கள்.

நேரம் கடந்துவிட்டது, தீபாராதனைக்கு ஆயத்தம் நடப்பதைப் பார்க்கிறேன். கணக்கில் ஐயமுள்ள மாணவர்களுக்காக ஒன்பது கட்டங்கள் வரைந்த அட்டையும், இருபது சென் காசுகள் ஒன்பதும் கொண்டு வந்திருக்கிறேன். ஒரு பக்கம் ‘ஆம்’, மறு பக்கம் ‘இல்லை’ என்று வைத்துக்கொள்ளலாம். அன்னதானத்திற்குப் பிறகு மண்டபத்தின் மேற்கு மூலையில் இருப்பேன். பெற்றோரும் வரலாம்.